பீடத்துக்குப் பின்னால் ஓர் ஈரம்

மாதத்தின் முதல் ஞாயிறு வந்தால் பெயிண்டருக்கு வயிறு சரியில்லாமல் போகும். எட்டு மாதமாக இதே கதைதான். அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்குச் சபை எழுந்து முன்னால் போய் முழங்கால் போடும்போது, அவர் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மனைவி பாவம், மருந்துக்கடையில் இருக்கிற மாத்திரையெல்லாம் வாங்கிக் கொடுத்து அலுத்துப்போனாள். வயிற்றில் என்ன இருக்கிறது? கோளாறெல்லாம் சுவரில் இருந்தது.

பீடத்துக்குப் பின்னால் உள்ள சுவர் அது. உள்ளே ஓடும் தண்ணீர்க் குழாய் கசிந்தபோது, அவருடைய அக்கா புருஷன்தான் வந்து இணைப்பை மாற்றிக் கொடுத்தார். அவர் பிளம்பர், அவர் தொட்ட வேலையை இன்னொருவர் திரும்பத் தொட வேண்டியதில்லை. கிளம்பும்போது சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, மூன்று வாரம் காயவிடு, ஜன்னலைத் திறந்தே வை, அப்புறம் பட்டி பார் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார். நம்மவரோ காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நின்றார். பெரிய பங்களா வேலை ஒன்று அவருக்காகக் காத்திருந்தது. நாலாம் நாளே பட்டி பார்த்து, எண்ணெய் பெயிண்டை இரண்டு கோட் இழுத்துவிட்டார். அவசரத்தில் ஜன்னல் சட்டத்தையும் சேர்த்து அடித்ததில் கதவு ஒட்டிக்கொண்டது. அதையும் கண்டுகொள்ளவில்லை.

ஒரே மாதத்தில் சுவர் கொப்பளித்தது. ஆராதனை முடிந்து, எல்லோரும் நிற்கும்போதே போதகர் காரணம் கேட்டார். பெயிண்டரின் வாய் அவரைக் கேட்காமலே பேசிவிட்டது.

"குழாயை ஒழுங்கா அடைக்கல போலிருக்கு ஐயா."

அவ்வளவுதான், ஒரே வரி. அன்றோடு சபை பிளம்பரைக் கூப்பிடுவதை நிறுத்தியது. அவர் யாரிடமும் வாதாடவில்லை. ஆலயத்துக்கு வருவதைத்தான் நிறுத்திக்கொண்டார். அக்கா மட்டும் தனியாக வந்து, தம்பியைப் பார்த்தும் பார்க்காததுபோல் போய்க்கொண்டிருந்தாள்.

நம்மவர் சும்மாவா இருந்தார்? ஜெபம் பண்ணினார். பஸ்ஸில் பண்ணினார், ஏணியில் பண்ணினார், குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு பண்ணினார். ஆண்டவரே, மன்னியும், நாளைக்கே சொல்லிவிடுகிறேன் என்பார். நாளை வரும், நாக்கு எழாது. அதற்குப் பதிலாக, கொப்பளித்த இடத்தைச் சனிக்கிழமை வந்து சுரண்டி இன்னொரு கோட் அடித்துவிட்டுப் போவார். அப்படி மூன்று தடவை ஆயிற்று. போதகர் பிரசங்கத்திலேயே அவரைக் காட்டி, கூலி வாங்காமல் உழைக்கும் உண்மையுள்ள ஊழியர் என்று பாராட்டினார். கேட்டுக்கொண்டிருந்தவருக்கு உடம்பெல்லாம் கூசியது. பாட்டுக்கு எழச் சொல்லும் முன்பே எழுந்துவிட்டார்.

நாலாவது தடவை ஏணியில் நிற்கையில், போதகர் கீழே வந்து பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னார். பக்கத்துச் சபையிலும் ஒரு பள்ளிக்கூடத்திலும் அந்தப் பிளம்பரைப் பற்றித் தன்னிடம் விசாரித்தார்களாம், வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டாராம். பிரஷ் அப்படியே நின்றது. இத்தனை நாளும் இது தனக்கும் கடவுளுக்கும் நடுவிலுள்ள விவகாரம் என்றே அவர் நினைத்திருந்தார். அக்கா வீட்டு அடுப்பில் கைவைத்திருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது. இறங்கினார். வாளியைக் கழுவப் போனார், கழுவாமல் திரும்பினார். மறுபடி ஏணியில் இரண்டு படி ஏறினார், இறங்கினார். பார்த்துக்கொண்டிருந்த போதகருக்கே தலை சுற்றியிருக்கும்.

"ஐயா, குழாய்ல கோளாறே இல்ல. ஈரச் சுவர்ல நான்தான் பெயிண்ட் அடிச்சேன். பொய் சொன்னேன்."

தீர விசாரிக்காமல் ஒருவர் பிழைப்பில் தானும் மண்ணைப் போட்டுவிட்டதாகப் போதகர் சொன்னார். சபைக்கு முன்னால் சொன்ன பொய்யைச் சபைக்கு முன்னால்தான் திருத்த வேண்டும், அதற்கு முன் பிளம்பரிடம் போங்கள் என்று அனுப்பினார்.

பிளம்பர் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். இரண்டு கால்கள்தான் வெளியே தெரிந்தன. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதே பெரிய உபகாரமாகப் போயிற்று. பெயிண்டர் அந்தக் கால்களிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். கால்கள் அசையவில்லை. ஒரு கை மட்டும் வெளியே நீண்டு ஸ்பேனரைக் கேட்டது. எடுத்துக் கொடுத்தார். மரை முறுக்கும் சத்தம் கேட்டது.

"அத்தான், ஏதாவது சொல்லுங்க. நாலு அறை விட்டாக்கூடப் பரவாயில்ல."

"முதல் நாளே தெரியும்டா. நான் போட்ட இணைப்பு எனக்குத் தெரியாதா?" தொட்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "ஆத்திரம் இன்னும் போகல. போறப்போ போகட்டும். அதுக்காக உன்னை உறவே இல்லேன்னு ஆக்கிட முடியுமா? போய் உளியை எடுத்துட்டு வா. சுவரைத் திறப்போம்."

அன்று மத்தியானமே இருவரும் கொத்தினார்கள். அடித்த பெயிண்ட் அத்தனையும் தோலாக உரிந்து வந்தது. அடியில் பூச்சு ஈர மண்ணாக உதிர்ந்தது. குழாய் இணைப்பு மட்டும் பொட்டு ஈரமில்லாமல் இருந்தது. பெயிண்டர் பட்டித் தகட்டால் ஜன்னல் சட்டத்தைச் சுற்றிக் கீறிக் கீறிப் பார்த்து, கடைசியில் தோளைக் கொடுத்து முட்டித் திறந்தார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு வெயில் உள்ளே வந்து செங்கல்மேல் விழுந்தது. மூன்று வாரத்துக்கு ஒருத்தரும் கைவைக்கக் கூடாது என்றார் பிளம்பர்.

மறுநாள் முதல் ஞாயிறு. செங்கல் தெரிய நின்ற சுவரைப் பார்த்துச் சபை முணுமுணுத்தது. பெயிண்டர் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று பெயிண்டர் நம்பியிருந்தார், எங்கே இறங்கியது? அந்தச் சுவருக்கு முன்னால், இத்தனை பேர் பார்க்க, எந்த முகத்தோடு போய் முழங்கால் போடுவது? திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்தபோது, அவர் கை பழக்கதோஷத்தில் வயிற்றுக்குப் போயிற்று.

பிளம்பர் அன்று வந்திருந்தார். வந்து, கடைசி பெஞ்சில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வயிற்றிலிருந்த கையைப் பிடித்து எடுத்தார்.

"வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எந்திரி."