பந்தை விடாதே!

1. முதல் நாள்

அயர்லாந்துக்காரர்கள் ஆடும் கேலிக் ஃபுட்பால் என்றால் என்னவென்று தெரியாமலேயே ஒரு முழு மேட்ச் ஆடியவள் நான். ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் பக்கம் டண்டினொங்கில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் வார்டில் நோரா என்று ஓர் அயர்லாந்துக்காரி. அவளுடைய டீமுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆள் குறைந்தது. "ஓட வருமா உனக்கு?" என்று கேட்டாள். திருச்சியில் ஸ்கூல் கோகோ டீமில் இருந்தேன் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பந்து கைக்கு வந்ததும் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். விசில் ஊதினார்கள். இந்த ஆட்டத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு எட்டுக்கு மேல் ஓடக் கூடாது. தரையில் தட்ட வேண்டும், இல்லையென்றால் கால் நுனியால் உதைத்துத் திரும்பப் பிடிக்க வேண்டும். நான் பாதி மைதானம் கடந்திருந்தேன். ரெஃப்ரிக்குக் கோபம்கூட வரவில்லை. வழி தவறி வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அப்படியும் ஏழு வருடம் ஆடினேன். மொத்தம் எடுத்தது ஒரு பாயிண்ட். அதுவும் நோராவுக்கு அடித்த பாஸ். காற்று அதைக் கோல் கம்பிக்கு மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது.

2. மேனேஜர் ஆனது

முழங்கால் ஜவ்வு கிழிந்தது ஆட்டத்தில் அல்ல, கார் பார்க்கிங்கில் பையைத் தூக்கும்போது. புது மேனேஜர் யார் என்று கிளப் மீட்டிங்கில் பேச்சு வந்தபோது நான் டீ போடப் போயிருந்தேன். திரும்பி வந்தால் எல்லாரும் கைதட்டினார்கள். டீக்குத்தான் என்று நினைத்துச் சிரித்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வேலை பிடித்துப்போனது. ஆடிய காலத்தில் கத்திக் கேட்டாலும் எனக்கு யாரும் பந்து தர மாட்டார்கள். இப்போது நான் கையை அசைத்தால் மொத்த டீமும் நகர்ந்தது. போதை தலைக்கேறிவிட்டது.

3. செமி ஃபைனல்

குறுக்குக் கம்பிக்கு மேலே பந்து போனால் ஒரு பாயிண்ட். கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று பாயிண்ட். அந்த மைதானத்தில் ஸ்கோர்போர்டு கிடையாது. வார்டில் வந்த பழக்கம், உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டிருந்தேன். மழை வந்தது. எதிர் டீமின் இரண்டு பாயிண்ட் கையிலிருந்து கரைந்து போயிற்று. என் கணக்கில் நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால். உண்மையில் ஒன்று பின்னால்.

கடைசி நிமிடம். எங்கள் கேப்டன் தர்ஷினி, யாழ்ப்பாணத்துப் பெண், கம்பத்துக்கு நேர் எதிரே பந்தோடு நின்றாள். தடுக்க ஆளில்லை. அடித்திருந்தால் சமன்.

எதிர் டீமுக்குப் புரியக் கூடாதென்று தமிழில் கத்தினேன்: "அடிக்காத தர்ஷினி! பந்தை விடாதே! டைம் போகட்டும்!"

என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு திரும்பிப் பின்னால் பாஸ் கொடுத்தாள். எங்கள் பெண்கள் மாற்றி மாற்றிப் பாஸ் போட, நீண்ட விசில் ஊதியது. நான் குதித்தேன். எதிர் டீமும் குதித்தது. இரண்டு டீமும் ஜெயிக்க முடியாது என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

4. அதற்குப் பிறகு

உடை மாற்றும் அறையில் மை கரைந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். "என் தப்புதான். நான் விலகிக்கிறேன்" என்றேன். நோரா பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தர்ஷினியின் கண் சிவந்திருந்தது.

"எனக்குத் தெரியும் அக்கா, நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னுக்கு நிக்கிறம் எண்டு" என்றாள்.

"தெரிஞ்சா ஏன் அடிக்கல?"

"நீங்கள் அவ்வளவு ஷுவரா கத்தினீங்கள். ஏதோ பிளான் இருக்கு எண்டு நினைச்சன்."

தோற்றதைவிட அதுதான் சுட்டது. வார்டில் சில ஊசிகளை இரண்டு பேர் அளவு பார்க்காமல் போட மாட்டோம். மைதானத்தில் நான் யாரிடமும் ஸ்கோர் கேட்கவில்லை. அதைவிட மோசம், என்னைத் திருத்தலாம் என்று யாருக்கும் தோன்றாதபடி நடந்துகொண்டிருக்கிறேன்.

விலக அவர்கள் விடவில்லை. வேறு யாரும் முன்வரவில்லை என்பதும் காரணம். இப்போது ஸ்கோரை இரண்டு பேர் பேப்பரில் எழுதுகிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் நான் சொல்வது ஒன்றுதான்: "நான் சொல்றது தப்புன்னு பட்டா அப்பவே சொல்லிடுங்க."

போன ஞாயிற்றுக்கிழமை நோராவை ஆட்டத்திலிருந்து வெளியே கூப்பிடப் போனேன். "அக்கா, அது பிழை! அவ நிக்கட்டும்!" என்று எல்லார் முன்னாலும் தர்ஷினி கத்தினாள். சுருக்கென்று கோபம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நோராவை அங்கேயே விட்டேன்.

அடுத்த கோல் நோராதான் போட்டாள்.