வீரணனும் அணைப் படகின் இரண்டு தகடுகளும்

சிலமலையிலிருந்து வரும் காலை பஸ்சின் கண்டக்டர்தான் சேதி கொண்டுவந்தார். போடியில் என் பட்டறை முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, படியில் நின்றபடியே, "அண்ணே, படகச் சாய்ச்ச வீரணன் போயிட்டாராம். விடியக்காலையில நெஞ்சு வலின்னாராம், அவ்வளவுதான்" என்றார். பஸ் போய்விட்டது. நான் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

செத்த பிறகும் அந்தப் பட்டப்பெயர் அவனை விடவில்லை பாருங்கள். போடியிலும் ராசிங்காபுரத்திலும் மலை எஸ்டேட்டுகளிலும் அவனைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவன் ஜீப்பின் பின்னால் ஒரு தடவையாவது தொங்கிக்கொண்டு போகாதவர்கள் குறைவு. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டிருக்கும் கதை தப்பு. சரியான கதை அவன் இருந்தவரை எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். அதைச் சொல்ல இப்போது நான் ஒருவன்தான் மிச்சம். அதனால் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அணையின் அக்கரையில் ஒரு ஏலக்காய் எஸ்டேட் இருந்தது. சுற்றிப்போக ரோடு கிடையாது. எஸ்டேட் முதலாளி கொச்சிப் பக்கம் போய், ஒரு காலத்தில் யாரோ பணக்காரர் உல்லாசமாகச் சுற்றிய மோட்டார் படகு ஒன்றை வாங்கி, லாரியில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் மரக்கிளைகளை வெட்டிக்கொண்டே மேலே கொண்டுவந்து சேர்த்தார். வெல்வெட் மெத்தை போட்ட படகில் ஏலக்காய் மூட்டையும், எஸ்டேட் லய வீடுகளில் குடியிருந்த கூலி ஜனங்களும் போனார்கள். அதை ஓட்ட அங்கே யார் இருக்கிறார்கள்? ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த வீரணனைக் கூப்பிட்டு, "ஸ்டியரிங் இருக்குல்ல, ஓட்டு" என்றார்கள். ரிப்பேர் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கும் அதுவரை ஜீப்பும் பம்ப்செட்டும்தான் தெரியும். இரண்டு பேருக்கும் ஒரே வயது. முதல் நாளே மாப்ளே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

முதல் லோடு அன்று அவன் செய்த கூத்தை மறக்கவே முடியாது. மூட்டைகளை எல்லாம் பின்னால் அடுக்கினான். மேடு ஏறும் ஜீப்புக்குப் பின்பாரம் இருந்தால்தான் டயர் பிடிக்கும், அந்தப் பழக்கம். படகு வேகம் எடுத்ததும் பின்பக்கம் தண்ணீரில் உட்கார, மூக்கு வானத்தைப் பார்த்தது. முன்னால் கரை இருக்கிறதா மலை இருக்கிறதா என்றே தெரியாமல், சீட் மேல் ஏறி நின்றுகொண்டு ஓட்டினான். உள்ளே இருந்த பெண்கள் சாமி பெயரை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் படகின் பின்புறம், தண்ணீர் மட்டத்தில், இரண்டு மூலையிலும் கீல் வைத்த இரும்புத் தகடு ஒன்று ஒன்று இருந்தது. ட்ரிம் டேப் என்று பெயர். ஸ்டியரிங் பக்கத்தில் இரண்டு கைப்பிடிகள். இடது கைப்பிடியை இழுத்தால் ஆயில் அழுத்தத்தில் இடது தகடு இறங்கும், வலதை இழுத்தால் வலது. இரண்டையும் கொஞ்சம் இறக்கினால் பின்பக்கம் எழும்பி, மூக்கு தணியும். இது சீக்கிரம் புரிந்துவிட்டது. சாய்வுதான் என் மண்டையில் ஏறவில்லை. படகு இடது பக்கம் சாய்ந்தால் இடது தகட்டை எதற்கு இறக்க வேண்டும், இன்னும் அமுங்காதா என்று கேட்டேன். ஓடும் படகில் என் கையைப் பிடித்து வெளியே தண்ணீருக்குள் விட்டு, உள்ளங்கை முன்னால் பார்க்கிற மாதிரி சாய்த்துப் பிடித்தான். தண்ணீர் என் கையைத் தோளோடு சேர்த்து மேலே தள்ளியது. "இப்ப வெளங்குதா? தகடு அமுக்காது மாப்ளே, தூக்கி விடும்" என்றான்.

ஆனால் தகடு இருக்கிறதே என்று மனம்போனபடி ஏற்றுகிறவன் இல்லை அவன். ஒரு பக்கம் பாரம் கூடினால் கைப்பிடியைத் தொடவே மாட்டான். "மொதல்ல மூட்டைய மாத்து. அப்பறந்தான் தகடு" என்பான். கரைக்கு வந்து பின்னால் எடுக்கும்போது இரண்டு தகட்டையும் மறக்காமல் மேலே தூக்கிவிடுவான். இறக்கி வைத்தபடி பின்னால் போனால் தகடு வளைந்துவிடும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவனாகவே யோசித்துக் கண்டுபிடித்தது. வாரம் ஒருநாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று தேங்காய் நாரால் தகட்டுப் பாசியைத் தேய்ப்பான். அவன் ஜீப்பைக் கழுவி ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

இன்னொரு வழக்கம் வைத்திருந்தான். தகட்டில் கை வைத்த நாளெல்லாம் கிளம்பும் முன் நான் பின்னால் போய் நிற்க வேண்டும். அவன் கைப்பிடியை இழுப்பான். எந்தத் தகடு எவ்வளவு இறங்குகிறது என்று நான் கத்த வேண்டும். "ஓட்டுறவனுக்குப் பின்னாடி கண்ணு கெடையாது, நீ பாத்துச் சொல்லு மாப்ளே" என்பான். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். என் வேலையைச் சந்தேகப்படுகிறான் என்று உள்ளுக்குள் ஒரு கடுப்பு.

இனி என் பெருமையைச் சொல்கிறேன். ஒருநாள் கரையில் ஏற்றியிருந்த படகுக்குப் பெயிண்ட் அடித்தேன். பின்னால் தகட்டைத் தள்ளும் தண்டு பளபளவென்று வெறுமனே இருந்தது. மீந்த பெயிண்டை அதற்கும் ஒரு கை அடித்துவிட்டேன். தண்டு உள்ளே போய் வரும்போது காய்ந்த பெயிண்ட் ரப்பர் சீலைக் கிழித்தது, ஆயில் கசிந்தது. வீரணன் தலையில் அடித்துக்கொண்டான். "மூக்குக்கு மை தீட்டுற மாதிரி இதுக்கு எதுக்குடா பெயிண்டு?" என்று அன்று பூராவும் சிரித்தான்.

சீல் மாற்ற இரண்டு தண்டுகளையும் கழற்றிப் போடிக்குக் கொண்டுவந்தேன். திரும்ப மாட்டப் போனது ஒரு ஆவணி மாதம். மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஜீப்புக்கு அடியில் படுப்பது போலவே, கரையில் ஏற்றி வைத்த படகின் பின்பக்கத்துக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து படுத்து மாட்டினேன். இரண்டு ஆயில் குழாயும் ஒரே துளை வழியாக வெளியே வரும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கழற்றும்போது அடையாளம் கட்டி வைத்திருக்க வேண்டும். கட்டவில்லை. மல்லாந்து படுத்தவனின் இடது கைப்பக்கம் இருப்பது படகின் வலது பக்கம் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

அக்கரைக்குப் போக லயத்துப் பெண்கள் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். போடிக்கு இறங்கும் ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வீரணன் வழக்கம்போல, "பின்னால போய் நில்லு" என்றான். நான் கையைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் இழுத்துப் பாத்துட்டேன் மாப்ளே, வெரசா கெளம்பு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். நான் இழுத்துப் பார்க்கவில்லை. இந்த வரியை எழுத எனக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

போகும்போது ஒன்றுமில்லை. இரண்டு தகட்டையும் சமமாக இறக்கினால் குழாய் மாறியிருப்பது தெரியாது. அக்கரையில் அவர்கள் இறங்க, போடிக்குப் போகவேண்டிய காய்ந்த ஏலக்காய் மூட்டைகளும், இக்கரைக்கு வரவேண்டிய பெண்கள் சிலரும், எஸ்டேட் மேனேஜரும் ஏறினார்கள். திரும்பும்போது நடு அணையில் காற்று பக்கவாட்டில் அடித்துப் படகை இடப்பக்கம் சாய்த்தது. வீரணன் இடது கைப்பிடியை இழுத்தான். இறங்கியது வலது தகடு. படகு இன்னும் இடது பக்கம் படுத்தது. ஜனங்கள் பயந்து ஒருவர் மேல் ஒருவர் விழ, தண்ணீர் உள்ளே ஏறியது. அடுத்தவன் என்றால் இன்னும் பலமாக இழுத்திருப்பான். இவன் கைப்பிடியை விட்டுவிட்டு இஞ்சின் வேகத்தைக் குறைத்தான். வேகம் இல்லாவிட்டால் தகட்டுக்குப் பலம் இல்லை. படகு மெல்ல நிமிர்ந்தது. ஓர் உயிருக்கும் சேதமில்லை. ஐந்தாறு மூட்டை நனைந்து, பச்சை வெளுத்துப்போனது. ஆனால் அன்று அந்தப் பெண்கள் போட்ட கூச்சல் இரண்டு கரையிலும் கேட்டதாம்.

கரையில் இறங்கியதும் மேனேஜர், மலையாளத்துக்காரர், "எந்தா வீரணா, எந்து பற்றி?" என்று, என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார். "எங் கை தப்பு சார். எடத இழுக்கறதுக்குப் பதிலா வலத இழுத்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறான்.

மறுநாள் காலையில் போடி கடைத்தெருவில் சேதி கேட்டு, கிடைத்த ஜீப்பில் மேலே ஓடினேன். வீரணன் கரையில் பீடி குடித்துக்கொண்டிருந்தான். "கொழாய் ரெண்டும் மாறிக் கெடந்துச்சு மாப்ளே. நானே சரியா மாட்டிட்டேன், சோலி முடிஞ்சுச்சு" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேனேஜரிடம் போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

"எங்க போற? நீ பட்டற போட்டு ஆறு மாசங்கூட ஆகல. ஆளுகள முங்க வச்ச மெக்கானிக்குன்னு பேரு வந்தா ஒரு பய வண்டி விடுவானா? எனக்கு என்ன, ஜீப்பு இருக்கு. நாளைக்கே ஓட்டுவேன்."

"உன்ன படக விட்டு எடுத்துருவாங்கடா."

"எடுத்துட்டாங்க" என்றான்.

நான் பேசாமல் இருந்துவிட்டேன். அன்று மட்டும் அல்ல, அதற்குப் பிறகும். அவன் சொன்னான் அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்டு. உண்மையில் எனக்குப் பயம். பட்டறை நன்றாக ஓடத் தொடங்கியதும் பயம் போயிருக்க வேண்டும். அது இன்னும் கூடியது.

வீரணன் மறுபடி ஜீப் ஓட்டினான். ஏறுகிறவர்கள் எல்லாம், "அண்ணே, இதையாவது சாய்க்காமக் கொண்டுபோய்ச் சேருங்க" என்று கேலி செய்தார்கள். கேட்டு அவனும் சேர்ந்து சிரிப்பான். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தால் என் தொடையில் ஒரு தட்டு தட்டுவான், பேசாமல் இரு என்று அர்த்தம்.

மலை ரோட்டில் ஒரு வளைவில் அணை முழுசாகத் தெரியும். படகு ஓடுகிற நேரமாக இருந்தால் அங்கே ஜீப்பை நிறுத்தாமல் அவன் போனதில்லை. ஜனங்கள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருநாள் நேரே பட்டறைக்கு வந்து, "எடது தகடு முழுசா எறங்கல மாப்ளே. படகு ஒரு பக்கமாவே ஓடுது. புதுசா வந்த பய ஸ்டியரிங்க ஒடிச்சே சமாளிக்கிறான். போய்ப் பாரு" என்றான். போய்ப் பார்த்தேன். கீலுக்குள் பாசியும் புல்லும் இறுகிக் கிடந்தன. மைல் தூரத்து வளைவில் நின்று அதைக் கண்டுபிடித்திருக்கிறான். அப்படி எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்று கணக்கில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ரோடு வந்து படகை லாரியில் ஏற்றி அனுப்பும் வரைக்கும், சம்பளம் இல்லாமல், யாருக்கும் தெரியாமல், அந்தப் படகை அவன்தான் பார்த்துக்கொண்டான். அவனுக்கு அதன் மேல் அப்படி ஒரு பிரியம். அதைத்தான் நான் அவனிடமிருந்து பிடுங்கினேன்.

கண்டக்டர் சேதி சொன்ன அன்று மதியமே சிலமலைக்குப் போனேன். சாயங்காலம் அடக்கம் எல்லாம் முடிந்து ஆட்கள் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல மனுசன், படகு விசயத்துலதான் கொஞ்சம் கவனப்பிசகு என்றார் ஒருவர். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. உள்ளே போய் அவன் மனைவி பேச்சியம்மாளிடம் குழாய் மாற்றி மாட்டியது முதல் அத்தனையும் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருக்கும், வீட்டில் சொல்லாமலா இருந்திருப்பான் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவள் மெதுவாக, "எங்கிட்டக்கூடச் சொல்லலயேண்ணே" என்றாள். "சோத்த வச்சுக்கிட்டே எத்தன நாளு சொல்லிக் காட்டிருக்கேன், ஒழுங்கா ஓட்டியிருந்தா இன்னைக்கு எஸ்டேட்டு வேலையில இருந்திருப்பியேன்னு. பேசாம சாப்புட்டுட்டுப் போயிருவாரு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு எங்கிட்டச் சொல்லிருக்கலாமே."

அழுதாள். நான் காலில் விழக் குனிந்தேன், நகர்ந்துகொண்டாள். கண்ணைத் துடைத்துவிட்டு, "எந்திரிங்க. எங்கிட்டச் சொன்னது பத்தாது. வெளிய உக்காந்திருக்காங்கள்ல, அவுங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள். போய்ச் சொன்னேன். அங்கே இல்லாதவர்களுக்காக இங்கே எழுதிவிட்டேன்.

என் பட்டறையை நம்பி மூன்று ஊர் ஜீப்பும் வருகிறது. அவரிடம் விட்டால் திரும்பிப் பார்க்க வேண்டாம், சுத்தமான வேலை என்று ஜனங்கள் சொல்கிறார்கள். இத்தனை வருடம் அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வீரணனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நல்ல பெயர்தான். அது அவனுடையது.