முடிவைச் சொல்லாதே

மடக்கு நாற்காலிகளைத் துடைத்துப் போடுவது அவள். இடுப்பில் கை வைத்து நின்று, "வட்டமாப் போடு, அப்பத்தான் விவாதம் சூடு பிடிக்கும்" என்பது அவர். வாரம் முழுக்கக் கண்ணாடிக் கடையில் பிறர் மூக்குக்கு பிரேம் பொருத்துகிறவர், மாதக் கடைசி ஞாயிறு மாலை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பழைய திகில், மாயாஜால, விஞ்ஞானக் கதைகளுக்குத் தீர்ப்புச் சொல்வார். வருகிறவர்கள் 'தலைவரே' என்பார்கள். ஒரு காலத்தில் கூடம் நிறையும். இப்போது மிச்சம் பல் டாக்டரும் லிஃப்ட் மெக்கானிக்கும்தான். நாற்காலி மட்டும் குறையவில்லை.

அவருடைய இலக்கணம் எளிது. "செத்தவன் எழுந்து வந்தா திகில். வரம் வாங்கிட்டு வந்தா மாயாஜாலம். மோட்டார் வச்சு வந்தா விஞ்ஞானம்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதில் பவர் கிடையாது, கடைக்கு விளம்பரம்.

சட்டம் ஒன்றே ஒன்று: முடிவைச் சொல்லக் கூடாது. எழுதியவர் போய்ச் சேர்ந்து நூறு வருஷமாகியிருக்கும், வந்தவர்கள் எல்லோரும் படித்திருப்பார்கள். ஆனாலும் யாராவது கடைசி அத்தியாயத்தை நெருங்கினால் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையைக் காட்டிவிடுவார். "முடிவு தெரிஞ்சா கதை செத்துடும்யா." அலமாரியைத் தூசி தட்டுகிற மனைவிக்குத் தெரியும், கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணிதான் அவருக்குப் பக்க அடையாளம்; எந்தப் புத்தகத்திலும் அது கடைசி முப்பது பக்கத்துக்குள் நுழைந்ததில்லை. மனுஷன் பயந்த சுபாவம்.

சட்டம் சமையலறைக்கும் வந்தாயிற்று. தையல் கடையைக் கூட்டாக நடத்தலாம், கிளம்பி வா என்று வெளியூரிலிருக்கும் அவளுடைய அக்கா விடாமல் கூப்பிடுகிறாள். செவ்வாய்க்கிழமை, "நான் ஒரு முடிவு பண்ணிட்டேங்க" என்று ஆரம்பித்தாள். வாயில் சோற்றோடு கையைக் காட்டினார். "இப்பச் சொல்லாத. சஸ்பென்ஸா இருக்கட்டும்." வெள்ளிக்கிழமையும் ஆரம்பித்தாள். "உங்கக்கா விஷயம் தொடர்கதைடி. மெதுவாப் பாத்துக்கலாம்."

இந்த ஞாயிற்றுக்கு எடுத்துக்கொண்டது, ஒரு வீட்டில் தினம் ஓர் அறை காணாமல் போகிற பழைய நாவல். திகிலா, மாயாஜாலமா என்று தலைவர் ரம்பம் போட்டார்.

"ரூம் போனா கரண்ட் பில்லும் குறையுமா தலைவரே?" என்றார் மெக்கானிக்.

"கிண்டலா? இது கிளாசிக்யா."

பல் டாக்டர் மெல்ல முன்னால் சாய்ந்தார். "இல்ல, அந்தக் கடைசி ரூம்ல அந்தம்மா..."

கை உயர்ந்தது. "டாக்டரே, வாயை மூடுங்க." ஊரை வாய் திறக்கச் சொல்லியே பிழைக்கிறவர் மூடிக்கொண்டார்.

உள்ளேயிருந்து அவள் பெட்டியோடும் தையல் மிஷினோடும் வந்தாள். "ஏழு மணிக்கு பஸ். டீ ஃபிளாஸ்க்ல இருக்கு."

மெக்கானிக் எழுந்து, "குடுங்கக்கா, கீழ எறக்கி வைக்கிறேன்" என்று மிஷினை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். தலைவரின் கை இன்னும் இறங்கவில்லை.

"பஸ்ஸா? நில்லு. என்ன முடிவு பண்ணியிருக்க? எப்பத் திரும்பி வருவ?"

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். ஆளில்லாத நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரில் சாய்த்தாள். மெக்கானிக் உட்கார்ந்திருந்ததையும் மடக்கினாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள்.