சிம்மைக் கழற்றாத அன்று

மாத்தளை டவுனில் இருபத்திரண்டு வருடமாக போன் திருத்துகிறேன். பெரிய பிழை விட்டது ஒரே ஒரு நாள்தான். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

யட்டவத்தையிலிருந்து ஒரு டீச்சர் உடைந்த போனோடு வந்தார். கணவர் கட்டாரில் டிரைவர். இவர் மாமியார் வீட்டில் இருக்கிறார். போனைத் திறக்கிற பின் நம்பரை எழுதித் தந்துவிட்டு, அண்ணனைக் கூப்பிடுவதுபோல, "நானா, டிஸ்ப்ளே மட்டும் மாத்துங்க. உள்ளுக்கு ஒண்டும் பாத்திராதீங்க" என்றார்.

"எனக்கு வேற வேல இல்லயா டீச்சர்?" என்று சிரித்தேன்.

புது டிஸ்ப்ளேயை ஒட்டுவதற்கு முன் கேபிளை மட்டும் சும்மா கொழுவிப் பார்ப்போம். அதற்கும் முன்னால், போனிலிருந்து ஒன்றும் தவறி வெளியே போகாதபடி, சிம்மைக் கழற்ற வேண்டும். நான்தான் பெரிய ஆளாச்சே, கழற்றவில்லை. கடைக்கு வந்த புது டிஸ்ப்ளேயும் பழுது. பின் நம்பரை அடித்ததுதான் தாமதம், டச் தன்பாட்டில் ஓடத் தொடங்கியது. வாட்ஸ்அப் திறந்தது. டீச்சர் தன் நம்பருக்கே அனுப்பி வைத்திருந்த ஒரு கவிதை பார்வர்ட் ஆகி, 'மாமி வீடு' என்ற குரூப்பில் போய் விழுந்தது.

கண்ணில் பட்டுவிட்டது.

"வீடியோவில் உன் முகம் வருகிறது, மணம் வருவதில்லை.
நீ உடுத்திய சாரத்தை நான் இன்னும் துவைக்கவில்லை."

மாமியார், மைனிமார், மச்சான்மார் எல்லாரும் இருக்கிற குரூப். இதை வாசித்தால் அந்த வீட்டில் இந்தப் பிள்ளை எப்படி முகம் கொடுக்கும்? அழிக்கப் போனால் டச் என் விரலுக்கு அடங்கவில்லை. அதைப் பிடுங்கிவிட்டுப் பழைய டிஸ்ப்ளேயையே கொழுவினேன். அதில் படம் தெரியும், டச் இல்லை. டச்சுக்குப் பதிலாக ஒரு மவுஸைத் தேடிக் கேபிளில் போனோடு மாட்டுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் இல்லை. எல்லாருக்கும் அழியும்படி அழித்தேன்.

பின்னேரம் டீச்சர் வந்தார். மறைக்கலாமா என்று நினைத்தேன். ஆனால் அழித்த அடையாளம் குரூப்பில் கிடந்தது. நடந்ததைச் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்தது. "யாரு பாத்தாங்க?"

"ஒருத்தரும் பாக்கல்ல டீச்சர்."

"நீங்க?"

நான் குனிந்துகொண்டேன்.

"அவருக்கே இன்னும் அனுப்பல்ல நானா," என்றார் மெதுவாக. போனை எடுத்துக்கொண்டு போனவர் பிறகு என் கடைக்கு வரவில்லை.

இப்போது எந்த போன் வந்தாலும், கொண்டுவந்தவர் முன்னாலேயே சிம்மைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அப்படியும், டிஸ்ப்ளே வெளிச்சம் வரும்போது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.