உப்பளம் என்ற சரியான விடை

மலையகத்துப் பெரகலையில் பஸ் நிற்கும்போது, வாடுகிற தேயிலைக் கொழுந்தின் மணம் ஜன்னல் வழியே வந்துவிட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வரும்.

தொண்ணூறுகளில் நான் படித்த தோட்டப் பள்ளிக்கூடம், இப்போது இடிந்துபோன அந்த ஒற்றைத் தகரக் கொட்டகை, தேயிலை ஃபெக்டரிக்கு எதிரிலேயே இருந்தது; அங்கே மேல்மாடியில் கொழுந்தை வாடப்போட்டு விசிறிகள் இரைந்துகொண்டே இருக்க, அந்த மணத்துக்குள் உட்கார்ந்துதான் நாங்கள் விஞ்ஞானப் புத்தகத்தைப் பாட்டு மாதிரி ஒப்பிப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த விஞ்ஞான ஆசிரியர், எங்கள் சேர், ஒருநாள் ஆவியாதலுக்கு உதாரணம் கேட்டார். எழுத்துக் கூட்டவே திணறும் செல்வி, அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய் அந்த மாடியெல்லாம் திரிந்தவள், ஆசையாக எழுந்தாள்.

"கொழுந்து வாடுறதுங்க சேர். காத்துல தண்ணி போயிரும். அள்ளிப் பிடிச்சா கைக்கே தெரியும்."

"புத்தகத்தில அப்பிடியோ இருக்கு? வாங்கில ஏறி நில்லும்!"

அடுத்து என்னைக் கேட்டார். கடலையே கண்டிராத நான், உப்பளம் என்பது ஏதோ உப்பு விற்கும் கடை என்று நினைத்துக்கொண்டு, புத்தகத்தில் இருந்தபடியே "உப்பளம்" என்றேன்.

"கெட்டிக்காரி" என்றார்.

நாங்கள் உட்காரும் வாங்குப் பலகையின் மேல் நின்ற செல்விக்கு, ஜன்னலுக்கு அப்பால் கொழுந்து வாடும் அந்த மாடி எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும்.