ஏலாதென்பதற்கு ஆங்கிலம்

வெள்ளவத்தையில் அண்ணாவின் வீட்டு மின்விசிறி நின்றுபோனதால் வயர்வேலைக்காரர் ஒருவருக்கு ஃபோன் எடுத்தேன். "இண்டைக்கு ஏலாது மிஸ். நாளைக்கு ஏலும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கன்னத்தில் அறை வாங்கியவள்போல ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லண்டனில் இத்தனை வருடத்தில் 'ஏலாது' என்ற சொல்லை இப்படி அம்மணமாக யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அடுத்த நாள் அந்த மனிதர் சொன்னபடியே வந்து நின்றார். அதுவும் எனக்குப் புதினமாகத்தான் இருந்தது.

லண்டனுக்குப் போன புதிதில், வாடகை அறையில் ஹீற்றர் வேலை செய்யவில்லை என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். வியாழக்கிழமை ஆளனுப்ப 'மைட் பி ஏபிள்' என்றாள். முகம் நிறையச் சிரிப்பு வேறு. நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, இரண்டு கம்பளிச் சட்டையோடு வியாழன் முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. அடுத்த நாள் கேட்டபோது அவளுக்குக் கோபம் வரவில்லை, வியப்புத்தான் வந்தது. "ஆள் வருவார் என்று நான் சொல்லவில்லையே" என்றாள். உண்மைதான், சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் ஒன்றுமே சொல்லாமல் என்னோடு மிக இனிமையாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

பம்பலப்பிட்டியில் நாங்கள் ஆங்கிலம் படித்த டியூட்டரியில் இதையெல்லாம் கரும்பலகையில் அழகாக எழுதிப்போட்டார்கள். 'கேன்' என்றால் இயலும். 'குட்' என்றால் முன்பு இயன்றது, அல்லது இயலக்கூடியது. 'மே' என்றால் நடக்கலாம், 'மைட்' என்றால் அதைவிடக் கொஞ்சம் குறைவாக நடக்கலாம். படிப்பித்த சேர் கோடு கீறி, படி படியாக இறக்கிக் காட்டினார். நாங்களும் வேர்க்க விறுவிறுக்கப் பார்த்து எழுதினோம். அந்தப் படியில் ஏன் மனிதர்கள் ஏறி இறங்குகிறார்கள் என்பதை மட்டும் அவர் சொல்லித் தரவில்லை. பாவம், அவருக்கும் தெரிந்திருக்காது. ஒரு கனவான் தன் கையைப் பிடிக்கவிடாமல் கைகுலுக்குவதற்குக் கண்டுபிடித்த கருவிகள் இவை என்று எந்தப் பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

இப்போது நானே அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். லண்டனில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். பல்வலியோடு கன்னத்தைப் பொத்திக்கொண்டு வருபவரிடம், "வீ மைட் பி ஏபிள் டு ஃபிட் யூ இன்" என்பேன். இடமில்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் நன்றி சொல்லிவிட்டு வலியோடு போவார். என் ஆங்கிலம் மிக நன்றாக இருக்கிறது என்று மனேஜர் ஒருமுறை பாராட்டினாள். நானும் வெட்கமில்லாமல் மகிழ்ந்தேன்.

இந்த முறை கொழும்புக்கு வந்தது அண்ணாவுக்காக. அவருக்கு இருதயத்தில் பைபாஸ் செய்யவேண்டும். கலியாணம் கட்டாதவர், தனியே இருப்பவர். ஒப்பரேஷனுக்குப் பிறகு ஒன்றரை மாதமாவது இரவில் ஓர் ஆள் வீட்டில் இல்லாமல் அனுப்பமாட்டோம் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் மூன்று கிழமை லீவில் வந்தேன். வந்த பிறகு ஒப்பரேஷன் தள்ளிப்போய், நான் விமானம் ஏறிய பிறகுதான் நடக்கும் என்றாகிவிட்டது. ஆகவே கேள்வி ஒன்றுதான்: யார் வந்து நிற்பது? அக்கா சிட்னியில், தம்பி ரொறொன்ரோவில், நான் லண்டனில்.

எங்கள் மூவரையும் அந்த ஊர்களுக்கு அனுப்பியவர் அண்ணா. அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். அப்பா செத்த கையோடு அண்ணா படிப்பை விட்டுவிட்டு, துறைமுகத்தில் சாமான் எடுத்துக்கொடுக்கும் ஒரு கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தார். அக்கா பரீட்சைக் கட்டணம் கேட்டபோதும், தம்பி வெளிநாடு போகவேண்டும் என்று அழுதபோதும், "ஏலும்" என்றுதான் சொன்னார். தமிழிலும் நழுவ வழி இல்லாமலில்லை. பாக்கலாம், செய்யலாம் என்று ஒரு 'லாம்' போட்டால் போதும். அண்ணா எங்களிடம் அதைப் பாவித்து நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை பின்னேரம் நால்வரும் வீடியோவில் கூடினோம். எதிர்வீட்டுப் பாரூக் நானாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மருதானையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். அண்ணாவோடு பல வருடப் பழக்கம். முதல் அரை மணித்தியாலம் எல்லாம் தமிழில் நடந்தது. என்ன சாப்பிடுகிறீர்கள், நடக்கும்போது மூச்சு வாங்குகிறதா, மீன் விலை என்ன என்று அன்பு பொங்கி வழிந்தது. பிறகு அண்ணா கேட்டார்.

"உங்களிலை ஆருக்கு வந்து நிக்க ஏலும்? ஏலாதெண்டாலும் சொல்லுங்கோ. நான் வேற வழி பாக்கவேணும்."

மழை தூறியதும் குடை விரிப்பதுபோல ஆளுக்கோர் ஆங்கிலத்தை விரித்தார்கள். "இட் குட் பி பொசிபிள்" என்று அக்கா தொடங்கினாள். மகளின் பரீட்சை, மருமகனின் வேலை என்று சுற்றிவந்து, அந்த 'குட்' மெல்ல மெல்ல 'குட் ஹாவ் பீன்' ஆகி, நடக்காதுபோன ஒன்றுக்கு இரங்கல் சொல்வதுபோல முடிந்தது. தம்பி இன்னும் கெட்டிக்காரன், கழுவுற மீனில் நழுவுற மீன். "ஐ மே பி ஏபிள் டு வேர்க் சம்திங் அவுட்" என்றான். எதை, எப்போது, எப்படி என்று ஒன்றுமில்லை. கொட்டாஞ்சேனைக் குழாயடியில் வாளிக்குச் சண்டைபிடித்துத் தொண்டை கட்டிய பிள்ளைகள் இவர்கள். அங்கே யாரும் யாரிடமும் 'மே' என்று சொன்னதில்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது. இந்தப் பூசிமெழுகலைக் கற்கத்தானா அண்ணா உங்களைப் பிளேன் ஏற்றினார் என்று கேட்க வாய் துடித்தது.

அதற்குள் அண்ணா என் பக்கம் திரும்பிவிட்டார்.

"நீ என்ன சொல்லுறாய்? லீவைக் கூட்டி எடுக்க ஏலுமோ?"

சம்பளமில்லாமல் லீவு கேட்கலாம். கிளினிக்கில் ஒருத்தி போன வருடம் கேட்டு எடுத்தாள். நான் கேட்கவில்லை, கேட்டால் தந்துவிடுவார்களோ என்ற பயம். "ஐ மைட் பி ஏபிள் டு, அண்ணா" என்றேன். முன்மேசைக் குரல் அப்படியே வந்தது. கன்னத்தைப் பொத்திக்கொண்டு வருபவர்களுக்கு வைத்திருக்கும் அதே சிரிப்பும் கூட வந்தது.

பாரூக் நானாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக விளங்காது. "தங்கச்சி என்ன சொல்றாங்க?" என்று அண்ணாவைக் கேட்டார்.

"ஏலாதாம்" என்றார் அண்ணா.

"ஏலாதெண்டு நான் சொல்லேல்லையே."

"ஏலுமெண்டும் சொல்லேல்லைத்தானே, பிள்ளை." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் சண்டை பிடித்துத் தப்பியிருப்பேன்.

திரையில் அக்காவும் தம்பியும் அசையாமல் இருந்தார்கள். இணைப்பு நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். நிற்கவில்லை. நானா தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "வெள்ளிக்கிழம ராவைக்கு எனக்கு ஏலா, மகள்ட ஊட்டுக்குப் போகணும். மத்த நாளைக்கு நான் வந்து படுக்கிறேன். பகலைக்கு ஒரு ஆளப் புடிங்க."

அண்ணா தலையாட்டினார். எங்கள் மூன்று நாடுகளும் சேர்ந்து செய்யாததை மனிதர் மூன்று வசனத்தில் முடித்துவிட்டார். அக்கா உடனே தமிழுக்குத் திரும்பி, நானாவுக்கு ஆயிரம் நன்றி சொன்னாள். தம்பி கண்ணைக்கூடத் துடைத்தான். ஃபோனை வைத்த பிறகு நான் குசினிக்குள் போய், ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பைகளை மறுபடி கழுவினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் மனேஜர் லண்டனிலிருந்து அழைத்தாள். ஒருத்திக்குச் சுகமில்லையாம். ஞாயிற்றுக்கிழமை நான் வந்திறங்கியதும் ஒருநாள் ஓய்வெடுக்காமல் திங்கட்கிழமை காலையே வேலைக்கு வரமுடியுமா என்று கேட்டாள். "யெஸ், ஐ கேன்" என்றேன். மூச்சுவிடக்கூட இடைவெளி வைக்கவில்லை. சொன்ன பிறகுதான் அண்ணா கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

"திங்களோ வேலை?"

"ஓம்."

"அப்ப உன்னட்டை இருக்கிற இந்த வீட்டுச் சாவியை நானாட்டைக் குடுத்திட்டுப் போ. ராவிலை எழும்பி வந்து கதவு திறக்க எனக்கு ஏலாது."

அந்தச் சாவியை நான் லண்டனில் கைப்பையில் எப்போதும் வைத்திருப்பேன். கொழும்பிலும் எனக்கொரு வீடு இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள அதுதான் சாட்சி. நெடுநாள் கழற்றாததால் வளையம் இறுகிக் கிடந்தது. நகத்தை விட்டு நெம்பினேன், நகம்தான் உடைந்தது. அண்ணா என் கையிலிருந்து கொத்தை வாங்கினார். அவசரமில்லாமல், மேசைக் கரண்டியின் காம்பால் வளையத்தைத் திறந்து, தன் வீட்டுச் சாவியை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, மற்றவற்றை என்னிடம் நீட்டினார்.