இஸ்திரிப் பெட்டிக்கு ஓட்டுக் கேட்டுக் கும்மிடிப்பூண்டி வரை

அன்று வண்டியில் இருந்தவர்கள் நான்கே பேர்: வேட்பாளர் குமாரி, அவள் கொழுந்தன் சேகர், குட்டியானை ஓட்டும் தேசிங்கு, நான். குட்டியானை என்பது சின்ன லோடு வண்டி. என் பெயர் எஸ்தர். காக்களூர் எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பாட்டில் மூடிகளுக்குப் பிசிறு வெட்டுகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவள். குமாரியின் வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட்ட பத்துப் பேரில் நானும் ஒருத்தி. மற்ற ஒன்பது பேருக்கும் அன்று லீவு கிடைக்கவில்லை.

எம்.பி. தேர்தல் பிரச்சாரத்துக்கு அது கடைசி நாள். சித்திரை பிறந்த வாரம், புதன்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்கு மைக்கை அணைத்துவிட வேண்டும்.

குமாரி ஏன் எம்.பி.க்கு நின்றாள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் புருஷன் ரவி கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் கான்ட்ராக்டில் வேலை பார்த்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உலைக்குழம்பு தெறித்துச் செத்துப்போனான். ஆலையில் கேட்டால் கான்ட்ராக்டரைக் கேள் என்றார்கள். கான்ட்ராக்டர், அப்படி ஒரு ஆள் என் நோட்டிலேயே இல்லை என்றார். ரவி அங்கே வேலை செய்தான் என்று, அவனோடு வேலை செய்த ஒருவன் சொன்னால் நஷ்டஈட்டுக் கேஸ் நிற்கும். அந்த ஒருவனைத் தேடி ஆலைக் கேட்டுக்கு முன்னால் நின்றாள், விரட்டினார்கள். மைக் வைத்துக் கூப்பிட பர்மிஷன் கேட்டாள், கொடுக்கவில்லை. தேர்தலில் நிற்கிறவர்களுக்கு மைக், வண்டி, பர்மிஷன் எல்லாம் உண்டு என்று தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் சொன்னார். அதனால்தான் நின்றாள்.

இது தனித்தொகுதி. டெபாசிட் பாதிதான், 12,500 ரூபாய். நான் கிறிஸ்டியன் என்பதால் என் சாதிச் சான்றிதழில் இங்கே நிற்க முடியாது. குமாரியால் முடியும், ஆனால் அவளிடம் பணம் இல்லை. தையல் மிஷின் வாங்கப் போகிறேன் என்று மகளிர் குழுவில் சொல்லி என் பேரில் 15,000 எடுத்தேன். டெபாசிட் போக மீதி நோட்டீசுக்கு. வாரம் 350 வீதம் ஐம்பது வாரம் கட்ட வேண்டும்.

காலை 7.10. காக்களூரிலிருந்து கிளம்பினோம். மீட்டரை நான் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டேன். பர்மிட்டின் ஒரிஜினலைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தோம். கோந்து காய்ந்துவிட்டதா என்று மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். ஜெராக்ஸ் ஒட்டினால் வண்டியைப் பிடித்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். திருவள்ளூர் பங்கில் ஆயிரம் ரூபாய்க்கு டீசல் போட்டோம். தேசிங்கு வாடகை வாங்கவில்லை, டீசல் மட்டும் போதும் என்றுவிட்டார்.

"இத்தினி எலெக்ஷன் ஓட்டியிருக்கேன், வாடகை வேணாம்னு சொன்னது இதுதான் மொதல் தபா. எங்க ஊட்டுக்காரிக்குத் தெரிஞ்சா நாஷ்டா கிடைக்காது," என்றார்.

ஈக்காடு தாண்டி, தாமரைப்பாக்கம் கூட்டுரோடு தாண்டி, வெங்கல் வந்தபோது 22 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் செங்கல் சூளையும் பிளாட் போட்ட கல்லுகளும். நெல் போட்ட இடங்களில் அறுப்பு முடிந்து தாள் எரிந்து கிடந்தது. சுவருக்குச் சுவர் பெரிய கட்சிகளின் சின்னம். எங்கள் சின்னம் எங்கேயும் இல்லை. எங்களுக்குக் கிடைத்தது இஸ்திரிப் பெட்டி. வோட்டு மிஷினில் கடைசிக்கு முந்தின பட்டன்.

வெங்கல் பஸ் ஸ்டாப்பில் குமாரி நோட்டீஸ் கொடுத்தாள். ஒரு பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டு, "துணி எடுத்துக்கினு வரவா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். குமாரியும் சிரித்தாள். அவள் அன்று சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

காலை 9.00. பெரியபாளையம், 31 கிலோமீட்டர். கோயில் பக்கம் டிபன் கடை. நாலு பேருக்கு இட்லியும் டீயும் 184 ரூபாய். கடையில் எல்லா டேபிளிலும் யார் ஜெயிப்பார்கள் என்ற பேச்சுதான். ஒரு கூட்டணியின் வேட்பாளர் சென்னையில் இருக்கிறவர், இந்தப் பக்கம் ஒரே ஒரு தடவை வந்தார், வேனைவிட்டு இறங்கவில்லை என்றார்கள். இன்னொரு கூட்டணிக்காரர் ரிட்டயர்டு ஆபீசர், நல்ல மனுஷன், ஆனால் செலவு செய்ய மாட்டேன் என்கிறார், அதனால் சொந்தக் கட்சிக்காரர்களே வேலை செய்யவில்லை என்றார்கள். மூன்றாவது கட்சிக்கு வயசுப் பையன்கள் ஓட்டு விழும், ஆனால் பூத்தில் உட்கார ஆள் இல்லை. சுயேச்சைகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

"உனுக்கு இன்னா தோணுது, தேசிங்கண்ணே?" என்று சேகர் கேட்டான்.

"நான் மூணு கட்சிக்கும் வண்டி ஓட்டிட்டேன் நைனா. எவன் டீசலை அன்னிக்கே போடறானோ அவன் ஜெயிப்பான். நாளைக்கின்னு சொல்றவன் தோப்பான். இதுவரைக்கும் தப்பினதே இல்ல."

"இந்த வாட்டி எவன் போடறான்?"

"சென்னைக்காரன். டாண்ணு போடறான்."

பகல் 11.30. ஆரணி, புதுவாயல் வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்துக் கவரைப்பேட்டை வந்தோம். 53 கிலோமீட்டர். நடுவில் நாலு இடத்தில் நிறுத்திப் பேசியதால் இவ்வளவு நேரம். வெயிலில் மைக் கம்பி கையைச் சுட்டது. ஒரு மோர்க்கடையில் நின்றோம். டம்ளர் பதினைந்து ரூபாய்.

அங்கேதான் அந்த வெள்ளைக் கார் வந்தது. முன்னால் எலுமிச்சம்பழம் கட்டி, பின்கதவு நசுங்கிய கார். கரைவேட்டி கட்டிய ஒருவர் இறங்கி, எங்கள் மோருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். ஒரு பெரிய கட்சியின் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை.

"இன்னாமா தங்கச்சி, தனியா அலைஞ்சிக்கினு கீறீங்க. ஓட்டுன்னிக்குப் பூத்துல உக்கார ஆளு இருக்குதா உங்களுக்கு?"

"இல்லீங்க," என்றாள் குமாரி.

"அப்போ அந்த ஏஜென்ட் ஃபாரம் உங்களுக்கு இன்னாத்துக்கு? கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க. நம்ம பசங்க உங்க பேர்ல உக்காந்துப்பானுங்க. இருவது தரேன். டப்பு கையில."

விஷயம் இதுதான்: ஒவ்வொரு வேட்பாளருக்கும் பூத்தில் ஒரு ஏஜென்ட் உட்காரலாம். சுயேச்சைக்கு ஆள் இருக்காது. அந்த இடத்தைப் பெரிய கட்சிக்காரர்கள் வாங்கிவிட்டால் ஒரே பூத்தில் அவர்கள் ஆள் இரண்டு, மூன்று பேர் ஆகிவிடுவார்கள். பாதி சுயேச்சைகள் இதற்காகவே நிற்கிறார்கள் என்று தேசிங்கு பிறகு சொன்னார். வெற்று ஃபாரம் கட்டு என் பையில்தான் இருந்தது.

இருபதாயிரம். குழுவுக்கு மொத்தம் கட்ட வேண்டியது 17,500. கட்டிவிட்டு 2,500 மிஞ்சும். இதை நான் மோர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கணக்குப் போட்டுவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது.

குமாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "கடன் உன் பேர்ல கீதுக்கா. நீ இன்னா சொல்றியோ அதான். கையெழுத்துப் போடறேன்."

சேகர்தான், "கேட்டுக்குப் போய்ட்டு வந்து சொல்றோம் சார்," என்றான்.

"அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் கீறேன். அப்புறம் வேற சுயேச்சை ஆப்டுவான்," என்றார் அவர்.

மதியம் 1.40. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை, 64 கிலோமீட்டர். போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: அங்கே மரத்து இலை பச்சையாக இருக்காது. ரோட்டோரப் பெட்டிக்கடையில் பிஸ்கட் டப்பா மூடியைத் துடைத்தால் துணியில் கறுப்பு வரும். லாரிகள் இரண்டு வரிசையாக நிற்கும், நடுவில் நாம் போக வேண்டும். இரும்புத்தூள் வாடை நாக்கில் உப்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும். என் கம்பெனியிலும் வாடை உண்டு. அது தலைவலியோடு போய்விடும். இது சாப்பாட்டிலும் கூடவே வரும்.

ரவி வேலை பார்த்த ஆலைக் கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தினோம். செக்யூரிட்டிக்காரர் வந்தார். பர்மிட்டைக் காட்டினோம். படித்துவிட்டுத் திரும்பிப் போனார். குமாரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதே கேட்டில் அவளை இரண்டு தடவை கையைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள்.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் விட்டது. நூறு, நூற்றைம்பது பேர் வெளியே வந்தார்கள். நாங்கள் நோட்டீசை நீட்டினோம். வாங்கினார்கள், திருப்பிப் பார்த்தார்கள், சிலர் நாலாக மடித்துக் கழுத்துக்குப் பின்னால் வெயிலுக்கு வைத்துக்கொண்டார்கள். ஒருவன்கூடப் படிக்கவில்லை. பேச்சு இந்தியில், ஒடியாவில்.

"நம்ம ஆளுங்க எங்க சார்?" என்று சேகர் செக்யூரிட்டியைக் கேட்டான்.

"நம்ம ஆளா? ஆபீஸ்ல பத்துப் பதினஞ்சு பேரு கீறான். மீதி எல்லாம் ஒடிசா, பீகாரு. அவனுங்களுக்கு இங்க ஏது ஓட்டு? யாராண்ட வந்து கேக்கறீங்க நீங்க?"

ரவி உயிரோடு இருந்தபோது அந்தக் கேட்டில் பாதிப் பேர் தமிழ் ஆள் என்று சொல்வான். அந்த நினைப்பில் ஆயிரம் நோட்டீஸ் தமிழில் அடித்து வந்திருந்தோம். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, இத்தனைக்கும் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறவள் ஒடிசாக்காரி.

குமாரி மைக்கை வாங்கினாள். ஓட்டுக் கேட்கவில்லை. "ரவி. ஃபர்னஸ்ல வேலை செஞ்ச ரவி. நைட் ஷிஃப்ட். நான் அவரு சம்சாரம். கூட வேலை செஞ்சவங்க யாராவது கீறீங்களா?" என்றாள். நிறுத்தினாள். மறுபடி அதையே சொன்னாள். ஐந்தாறு தடவை சொல்லியிருப்பாள்.

கூட்டத்தில் ஒரு ஆள் நின்றான். முப்பது வயசு இருக்கும். முழங்கை வரை சூட்டுத் தழும்பு. குமாரி கிட்ட வந்தான்.

"ரவி அண்ணா. மூணு நம்பர் ஃபர்னஸ். நான் தூக்கிச்சு," என்றான். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, குழந்தையைத் தூக்குவது மாதிரி காட்டினான்.

சேகர் பாக்கெட்டில் போனைத் தேடினான். "அண்ணே, பேர் இன்னா உங்க பேரு? ஒரு கையெழுத்து போதும்," என்றான்.

அந்த ஆள் சேகரைப் பார்க்கவில்லை, எங்களுக்குப் பின்னால் பார்த்தான். நானும் திரும்பினேன். எலுமிச்சம்பழம் கட்டிய வெள்ளைக் கார். பின்கதவு நசுங்கல். கரைவேட்டிக்காரரைக் காணோம், வண்டி மட்டும் அதுதான். அதிலிருந்து ரவியின் கான்ட்ராக்டர் இறங்கி நின்றார். குமாரியோடு ஒரு தடவை அவர் ஆபீசுக்குப் போயிருக்கிறேன், முகம் தெரியும். இந்தியில் ஏதோ சொன்னார். அதட்டவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்பது மாதிரிதான் சொன்னார்.

அந்த ஆள் கையை இறக்கினான். "வோட் ஒடிசா," என்றான், ஓட்டுக் கேட்டதற்குப் பதில் சொல்வது போல. நோட்டீசைச் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் போய்விட்டான். எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை. பிறகு அவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மாலை 4.45. திரும்பிக்கொண்டிருந்தோம். கவரைப்பேட்டை மேம்பாலம் தெரிந்தபோது குமாரி, "தூக்கினானாமேக்கா," என்றாள். "தூக்கறப்போ உசுரு இருந்துச்சான்னு கேக்கணும்னு நெனச்சேன். வாய் வர்றதுக்குள்ள போய்ட்டான்."

மோர்க்கடையில் கரைவேட்டிக்காரர் இருந்தார். காரும் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றது. கான்ட்ராக்டர் அதில் இல்லை.

"இன்னாமா, ஃபாரம்?" என்று என்னைத்தான் கேட்டார். பை யாரிடம் இருக்கிறது என்று காலையிலேயே பார்த்து வைத்திருந்தார்.

குமாரி என் முகத்தைப் பார்த்தாள். தைரியமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டோம் சார்," என்றேன்.

ஃபாரம் கட்டின் முனை என் பைக்கு வெளியே நாலு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரிம்மா. பத்திரமா வெச்சிக்கோ," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

"இன்னா பேஜாரு," என்றார் தேசிங்கு, வண்டியை எடுத்துக்கொண்டே. "பொய் சொல்றதுன்னா பையை மூடிக்கினு சொல்லு தாயி." யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் குமாரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆரணி வரை விடவில்லை.

ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆரணிக்கு வெளியே ஓரம் கட்டினோம். ஒரு நிமிஷம் தாண்டினாலும் கேஸ் என்று எனக்குப் பயம். சேகர் ஸ்பீக்கர் கட்டிய கயிற்றை அவிழ்த்தான். தேசிங்கு பர்மிட்டைத் தண்ணீர் தொட்டு உரித்து, மடித்து, குமாரியிடம் கொடுத்தார். காக்களூர் வந்து சேர்ந்தபோது ஏழே முக்கால். மீட்டர் 128 கிலோமீட்டர் காட்டியது.

மறுநாள் கம்பெனியில் என் பக்கத்து ஒடிசாக்காரியிடம் பேர் கேட்டேன். எட்டு மாசமாகக் கேட்டதில்லை. சுகந்தி என்பது மாதிரி ஏதோ சொன்னாள், சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. ரவியைப் பற்றிக் கும்மிடிப்பூண்டியில் இருக்கிற அவள் ஊர்க்காரர்களிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். இன்றுவரை பதில் இல்லை. கேஸ் அப்படியேதான் இருக்கிறது.

தேசிங்கு சொன்னதுபோலவே சென்னைக்காரர் ஜெயித்தார். எங்கள் டெபாசிட் போனது. குழு அக்கா செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வரும்போதெல்லாம் தையல் மிஷின் எங்கே என்று எட்டிப் பார்க்கிறாள். பன்னிரண்டு வாரம் கட்டியிருக்கிறேன். இன்னும் 13,300 ரூபாய் பாக்கி.